கொழுந்தனின் கள்ளாட்டம்

என் கொழுந்தன் மகள் டாக்டருக்குப் படிக்கப் போயிருக்கிறாள். அவள் போன நாளிலிருந்து அந்தப் பெருமைக்குப் பங்கு கேட்டு எங்கள் குடும்பத்தில் ஒரே தள்ளுமுள்ளு. சின்ன வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்து புகட்டியது தான்தான் என்று ஒரு அத்தை கிளம்பியிருக்கிறாள். முதல் பேனா வாங்கிக் கொடுத்தது தான்தான் என்று என் வீட்டுக்காரர் பேசிக்கொண்டு திரிகிறார். அந்தப் பேனா ஒரு எழுத்துகூட எழுதவில்லை என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை. என் ஓரகத்தி, பெண்ணைப் பெற்றவள், “சுமந்தவளை விட்டுட்டு ஊரெல்லாம் பங்கு கேக்குது” என்று தையல் மெஷினை ஓங்கி மிதிக்கிறாள்.

இத்தனை பேருக்கு நடுவில் உண்மையான ஆள் மட்டும் வாயைத் திறக்காமல் மூலையில் உட்கார்ந்து டீ குடிக்கிறான். அவன்தான் என் கொழுந்தன். வாயைத் திறந்தால் என்ன சொல்வான், பாவம்? அவன் செய்தது நாலு பேர் கூடிய இடத்தில் பெருமையாகச் சொல்லக்கூடிய காரியமா என்ன? அந்தப் பெண்ணை டாக்டர் படிப்புக்கு அனுப்பியது அவனுடைய கள்ளாட்டம். அதனால் நான் சொல்கிறேன்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவன் அரைக்கால் சட்டை போட்ட பையன். அப்போதே அவனை வீட்டில் பீரோ என்றுதான் கூப்பிடுவார்கள். உருவம் அப்படி. கதவுக்குள் நுழைவதென்றால் முதலில் ஒரு தோள், பிறகு மறுதோள் என்று திரும்பித் திரும்பித்தான் நுழைவான். ஒருமுறை அவன் வாசலில் நின்று தும்மியதில் மாடி வீட்டுக் கொடியில் காய்ந்த துணியெல்லாம் எங்கள் முற்றத்தில் வந்து விழுந்தது. அதில் ஒரு நல்ல போர்வை இருந்தது. யாரும் கேட்டு வரவில்லை. இன்றைக்கும் அதைத்தான் போர்த்திக்கொள்கிறேன்.

வளர்ந்த பிறகு, வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் லாரியில் வேலைக்குச் சேர்ந்தான். பெயருக்கேற்ற வேலை. ஆனால் அவன் சாமான் தூக்கும் விதத்தைப் பார்த்துக் கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவன் சாமான்களோடு பேசுவான். ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோவை மாடிப்படியில் இறக்கும்போது, “இப்போ திரும்பப் போறோம்... கொஞ்சம் சாயப் போறோம்... பயப்படாதே, கீழே நான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டுத்தான் திருப்புவான். அவன் கைப்பட்டு ஒரு கண்ணாடியில் கீறல் விழுந்ததில்லை. சொல்லாமல் திருப்பினால் அதற்கு வலிக்கும் என்று நினைத்தானோ என்னவோ.

பிறகு என் மாமியார் குளியலறையில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டார். என் மாமியாரைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன்; தொண்டை நல்ல தொண்டை என்று மட்டும் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் அவரைப் படுக்கையில் புரட்டும் ஒவ்வொரு முறையும் அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டில் நடக்க முடியாமல் கிடந்தவர்கள்கூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருநாள் கொழுந்தன் உள்ளே போனான். தாயின் முதுகுக்கடியில் கையைக் கொடுத்து, “அம்மா, இப்போ திரும்பப் போறோம்... கொஞ்சம் சாயப் போறோம்...” என்றான். மாமியார் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. திரும்பியே விட்டார்.

வார்டு நர்ஸ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். “இப்படித் தூக்க எங்க பழகினீங்க?”

“பீரோகிட்டங்க” என்றான் இவன்.

அந்த நர்ஸ் சொல்லித்தான் வீட்டுக்கே போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களை அனுப்புகிற ஓர் ஆபீஸில் சேர்ந்தான். முறையாகப் பயிற்சியும் கொடுத்தார்கள். குளிப்பாட்டுவது, புண் வராமல் புரட்டுவது, புரையேறாமல் ஊட்டுவது என்று எல்லாம் கற்றுக்கொண்டான். லாரியைவிட இது பிடித்துப்போயிற்று. “அண்ணி, பீரோ பதிலே சொல்லாது. இவங்க திட்டவாவது செய்றாங்க” என்பான்.

இவ்வளவு நல்லவனுக்கு ஒரு கெட்ட குணம். ஆட்டம் என்று வந்துவிட்டால் ஏமாற்றுவான். சீட்டு, கேரம், எதுவானாலும் சரி. ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை. கை சும்மா இருக்காது. தனியாக உட்கார்ந்து சீட்டு அடுக்கும்போதுகூடத் தனக்கே தெரியாமல் ஒரு சீட்டைத் தொடைக்கடியில் ஒளித்து வைப்பான். கல்யாணமான புதிதில் ஓரகத்தி ஆசையாக அவனோடு கேரம் ஆட உட்கார்ந்தாள். பாதி ஆட்டத்தில் சிவப்புக் காய் மாயமாகிவிட்டது. மறுவாரம் துணி துவைக்கும்போது அவன் சட்டைப்பையிலிருந்து விழுந்தது. அன்றோடு அவள் ஆட்டத்தை விட்டவள். எங்கள் வீட்டில் யாரும் அவனோடு ஆடுவதில்லை என்பது எழுதாத சட்டம். அவன் மகள் ஒருத்திதான் ஆடுவாள். அவளுக்கு ஆட்டத்தில் அக்கறை இல்லை. அப்பா எப்போது எப்படி ஏமாற்றுகிறார் என்று கண்டுபிடிப்பதுதான் அவளுக்கு ஆட்டம்.

அவளுக்கு நான் வைத்த பெயர் கேள்விக்குறி. மழை ஏன் சாய்வாகப் பெய்கிறது, கொட்டாவி ஏன் தொற்றிக்கொள்கிறது, பெரியம்மா ஏன் ஒரே கதையை ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி சொல்கிறாள் என்று ஓயாது. ஆனாலும் அவளுக்கு வங்கி வேலை என்று ஓரகத்தி எப்போதோ முடிவு செய்துவிட்டிருந்தாள். எந்தக் கவுண்டரில் உட்கார வேண்டும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள். ஜன்னல் பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே. பெண்ணும் மறுக்கவில்லை. பள்ளி இறுதி வருடம் முடியப்போகிற நேரம்.

அப்போதுதான் கொழுந்தனுக்கு டிக்கெட் ஐயா வந்து வாய்த்தார்.

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். மனைவி இறந்துவிட்டாள். தனி ஆளாக மாடி வீடு ஒன்றில் இருந்தார். திடீரென்று பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. போன பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ வாயில் தங்கிவிட்டது. “டிக்கெட்.” தண்ணீர் வேண்டுமானாலும் டிக்கெட்தான், ஜன்னலைச் சாத்த வேண்டுமானாலும் டிக்கெட்தான். பார்க்க வந்த டாக்டரிடமும் நாடி பிடிக்கும்போது டிக்கெட் கேட்டிருக்கிறார்.

அவருடைய மகன் தூரத்து நகரத்தில் பெரிய வேலையில் இருந்தான். கெட்ட பிள்ளை இல்லை. கிடைத்த விடுப்பையெல்லாம் போட்டு அப்பாவுடன் இருந்தான். விடுப்பு தீர்ந்தது. கிளம்பும்போது கொழுந்தனைக் கூப்பிட்டு அப்பாவின் எதிரிலேயே சொன்னான்: “நான் திரும்பி வரும்போது அப்பா தானா எழுந்து பாத்ரூம் போய் வந்தா, இங்கேயே இருக்கட்டும். இல்லைன்னா என் ஊர்ல நல்ல முதியோர் இல்லம் பாத்து வெச்சிருக்கேன். தோட்டமெல்லாம் இருக்கு. கூட்டிட்டுப் போயிடுவேன்.”

ஐயா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடது கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஏன் என்று பிறகு பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்தது. வேலைக்காலம் முழுக்க ஓடுகிற ரயிலில் தூங்கி எழுந்த மனிதர். ஓய்வு பெற்றதும் ஓடாத கட்டில் ஒன்றில் தூங்க வேண்டும் என்றுதான் அந்த வீட்டையே வாங்கினாராம். மறுபடி அவரை மூட்டை கட்டி ரயிலேற்றினால்?

வாரம் ஒருமுறை வரும் பிசியோதெரபிஸ்ட் அம்மா பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தார். கொழுந்தன் ஒன்று விடாமல் செய்ய வைத்தான். “வலது பக்கமே உக்காருங்க, வலது பக்கமிருந்தே பேசுங்க. அவரால முடியிறதை நீங்க செஞ்சு குடுக்காதீங்க” என்று அவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். கால் கொஞ்சம் தேறியது; நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் கை? யாரோ மறந்துவிட்டுப்போன பை போல மடியில் கிடந்தது. அதைவிட மோசம், ஐயாவுக்கே ஆர்வம் விட்டுப்போயிற்று. எப்படியும் ரயிலேற்றத்தானே போகிறார்கள் என்ற முகம்.

மதியவேளைகள் நீண்டுகொண்டே போயின. ஒருநாள் கொழுந்தன் தன் மகளின் பழைய லூடோ அட்டையை எடுத்துப் போனான். பகடையை உருட்டி, விழுந்த எண்ணுக்குக் காயை நகர்த்துகிற ஆட்டம்தானே, ஒற்றைக் கையால் ஆடலாம் என்று நினைத்திருக்கிறான். சத்தியமாகச் சொல்கிறேன், வைத்தியம் எதுவும் அவன் மனதில் இல்லை. ஆட ஓர் ஆள் கிடைத்தால் போதும் அவனுக்கு. ஐயா இடது கையால் பகடையை உருட்டினார். இவன் உருட்டினான். மூன்று விழுந்தது. காயை ஐந்து கட்டம் நகர்த்தினான்.

அவன் கெட்ட நேரம், கூட ஆட உட்கார்ந்திருந்தவர் ஆயுள் முழுவதும் கள்ளப் பயணிகளைப் பிடித்தவர். “டிக்கெட்!” என்று ஒரு கர்ஜனை. இவன் திடுக்கிட்டு நிமிர்வதற்குள் மணிக்கட்டை ஒரு கை பிடித்திருந்தது. இவன் உட்கார்ந்திருந்தது வலது பக்கம். பிடித்தது வலது கை.

இருவரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அடுத்த நொடி அது நழுவி மடியில் விழுந்துவிட்டது.

அன்று மாலை கொழுந்தன் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தான். மாடிப்படி அதிர்ந்த அதிர்வில் என் அலமாரிப் பாத்திரங்கள் எல்லாம் தாமாகவே வரிசை மாறி நின்றன.

“அண்ணி, பிடிச்சிட்டார்! பிடிச்சிட்டார்!”

“யாருடா? யாரைப் பிடிச்சாங்க?”

“என்னைத்தான்!”

“கடைசியில போலீஸ் வந்துடுச்சா? நான் அப்பவே சொன்னேன்.”

“அய்யோ அண்ணி, டிக்கெட் ஐயா! கையும் களவுமா! அந்தக் கையால!”

கேள்விக்குறி அப்போது என் வீட்டில்தான் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தை மூடிவிட்டாள். “எந்தக் கையால? வலது கையா? எவ்வளவு நேரம் பிடிச்சார்? விரல் எல்லாம் மடங்குச்சா?” என்று கேட்கத் தொடங்கியவள், மறுநாள் அதை நேரில் பார்த்தே தீருவது என்று போய் நின்றாள்.

அதற்குப் பிறகு என் கொழுந்தன் ஏமாற்றிய ஏமாற்று இருக்கிறதே, அதுவரை அவன் செய்ததெல்லாம் வெறும் ஒத்திகை. வலது பக்கமாகவே ஏமாற்றினான். முதலில் மடிக்குப் பக்கத்தில், பிறகு கொஞ்சம் தள்ளி, பிறகு கை நீட்டினால்தான் எட்டும் தூரத்தில். அட்டையை உயரமான மர அலமாரி மேல் வைத்தான். நின்றால்தான் காய் தெரியும். ஐயா நின்றார். இந்தத் திருட்டுப் பயலை விடக்கூடாது என்பதற்காகவே நின்றார். சில நாள் கை வரும், சில நாள் வராது. வந்த நாளில் கொழுந்தன், “ஐயா, இந்த ஒரு தடவை விட்டுடுங்க, குழந்தைகுட்டிக்காரன்” என்று காலில் விழுவான். ஐயா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பார். ஆட்டம் முடிந்ததும் கைத்தடியை ஊன்றிக் கூடத்துக்குள் நாலடி நடக்கவும் தொடங்கினார்.

பிசியோ அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. கோபிக்கவில்லை. “நிக்கும்போது பின்னாடி நாற்காலி போடுங்க. அவர் களைச்சா ஆட்டத்தை நிறுத்துங்க. நான் சொன்ன பயிற்சியை மட்டும் விட்டுடாதீங்க” என்றார். போகும்போது ஒரு ஆட்டம் ஆடிவிட்டும் போனார். தோற்றார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கேமராவுக்கு வருகிறேன். அப்பாவைப் பிரிந்து போகிற மகன், மனது கேட்காமல் சுவர் மூலையில் சின்னக் கேமரா ஒன்றைப் பொருத்திவிட்டுப் போயிருந்தான். வேலைக்கு நடுவில் கைபேசியில் அப்பாவைப் பார்த்துக்கொள்வான். ஆபீஸில் மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாதென்று சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்ப்பான். பிள்ளை என்ன பார்த்திருப்பான், நீங்களே நினைத்துப் பாருங்கள். மலை போன்ற தடியன் ஒருவன் தன் அப்பாவின் முன்னாலிருந்து எதையோ பிடுங்குகிறான். அப்பாவின் முகம் சிவக்கிறது, வாய் கத்துகிறது. தள்ளாடி எழுந்து அவன் கையைப் பிடிக்கிறார். அவன் உதறிவிட்டுச் சிரிக்கிறான். நானாக இருந்தாலும் அந்தத் தடியனைக் கட்டிவைத்து உதைத்திருப்பேன்.

கொழுந்தனை அனுப்பிய ஆபீஸுக்குப் போன் பறந்தது. “நாளையிலேர்ந்து நீங்க அங்க போக வேண்டாம்” என்று கொழுந்தனிடம் சொல்லிவிட்டார்கள். என்ன ஏது என்று விளக்க வாய் திறந்தான். ‘லூடோ ஆடும்போது ஏமாத்தினேன்’ என்பதைத் தவிர அவனிடம் விளக்கம் இல்லை.

என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். மனதை மாற்றுவோம் என்று நானே சட்டத்தை மீறிச் சீட்டுக்கட்டை எடுத்தேன். ஆடினோம். நான் ஜெயித்தேன். மறுபடி ஆடினோம். மறுபடியும் நானே. அவன் தொடையைத் தூக்கிப் பார்த்தேன். கீழே ஒன்றும் இல்லை. சட்டைப்பையைத் தட்டினேன், காலி. உள்ளே போய் என் வீட்டுக்காரரிடம், “உங்க தம்பி நேர்மையா ஆடுறான், உடம்புக்கு ஏதோ பண்ணுது” என்றேன்.

“வேலை போனா வேற வேலைடா. ஏன் இப்படி உக்காந்திருக்க?” என்று கேட்டேன்.

“வேலைக்கு இல்லை அண்ணி. அந்த மனுஷனைக் கொண்டுபோய்த் தோட்டத்துல உக்கார வெச்சிடுவாங்க. அவர் பூவைப் பாக்குற ஆள் இல்லை.”

அப்பாவின் மூக்குக்கண்ணாடியை ஐயா வீட்டில் மறந்து வைத்துவிட்டதாகச் சொல்லி மறுநாள் கேள்விக்குறி அங்கே போனாள். கண்ணாடி அவன் மூக்கின் மேல்தான் இருந்தது. அது வேறு விஷயம். ஐயா வீட்டில் புது ஆள் இருந்தார். மிகவும் நல்லவர், பஞ்சு போல மெதுவானவர். சாப்பாட்டை ஊட்டினார், வாயைத் துடைத்தார், கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் தூக்கி வைத்தார். ஐயாவின் கை மடியில் பழையபடி பையாகக் கிடந்தது. பெண்ணைக் கண்டதும் அவர் அவளுக்குப் பின்னாலிருந்த கதவைப் பார்த்தார். “டிக்கெட்?” என்றார். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

கதவின் உள்பக்கம் மகனின் போன் எண் ஒட்டியிருந்தது. படியிறங்கும்போதே கூப்பிட்டுவிட்டாள்.

“நான் என் கண்ணால பார்த்தேன்மா” என்றான் மகன்.

“கண்ணால பார்த்தீங்க சார், காதால கேட்டீங்களா? ஒரு நாள் சத்தத்தோட போட்டுப் பார்த்திருந்தா உங்க அப்பா எப்படிச் சிரிப்பார்னு தெரிஞ்சிருக்கும்.”

“உங்க அப்பாவை நீ விட்டுக் குடுக்கவா போற?”

“என் அப்பா ஏமாத்துறவர்தான் சார். அதை நானே சொல்றேன். நீங்க தாத்தாவைக் கூட்டிட்டுப் போக எப்படியும் வரப்போறீங்க. வந்து ஒரே ஒரு ஆட்டம் பாருங்க. அதுக்கப்புறம் எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க.”

அந்தப் பக்கம் நாட்காட்டித் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, “ஞாயிற்றுக்கிழமை வரேன்” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் நேரில் பார்த்தவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

மகன் காலிப் பெட்டி ஒன்றோடு வந்திருந்தான், அப்பாவின் துணிமணிகளை அடுக்க. பெட்டி கூடத்தின் நடுவில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அவன் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். சின்ன மேஜையில் லூடோ அட்டை. ஒரு பக்கம் ஐயா, அவருக்கு வலப்பக்கம் கொழுந்தன், நடுவராகக் கேள்விக்குறி.

ஆட்டம் தொடங்கியது. கொழுந்தன் உருட்டினான். நாலு விழுந்தது. நாலே கட்டம் நகர்த்தினான். அடுத்து ஒன்று விழுந்தது. ஒன்றே நகர்த்தினான். மகனுடைய பார்வை முதுகில் குத்த, கொழுந்தன் ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தொட்டு எண்ணினான். ஜன்மத்தில் இல்லாத வெட்கம் அன்றைக்கென்று பார்த்து வந்துவிட்டது. ஐயா கொட்டாவி விட்டார்.

“ப்பா, ஏமாத்து” என்று பல்லுக்குள்ளே சொன்னாள் மகள்.

“சும்மா இரு. அவர் பாக்கிறார்.”

“பாக்கிறதுக்குத்தான்ப்பா கூப்பிட்டிருக்கேன்! ரெண்டு கட்டம் கூட வெய்யி!”

“வரலைடி! கை வரமாட்டேங்குது!”

உலகத்தில் ஒரு பெண் பிள்ளை தன் தகப்பனை இப்படிக் கெஞ்சியிருக்கமாட்டாள். உப்புச்சப்பில்லாமல் ஆட்டம் நகர்ந்தது. ஐயாவின் தலை சாயத் தொடங்கியது. மகன் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு பெட்டியைப் பார்த்தான்.

கேள்விக்குறி விருட்டென்று எழுந்தாள். “இங்க வெளிச்சம் பத்தலை” என்று அட்டையைத் தூக்கி, காய் கலையாமல் கொண்டுபோய், பழைய இடத்தில், உயரமான மர அலமாரி மேல் வைத்தாள். கொழுந்தனுக்கு அந்த ஒரு வேலை மட்டும் தானாக வந்தது. “ஐயா, இப்போ எந்திரிக்கப் போறோம்” என்றான். ஐயா இடது கையை ஊன்றி எழுந்தார். மகன் பதறி ஓடி வந்தான்.

“பிடிக்காதீங்க சார்” என்றாள் பெண். “பின்னாடி நாற்காலி இருக்கு.”

மகன் பாதி நீட்டிய கையோடு அப்படியே நின்றுவிட்டான்.

நின்றாரே தவிர, வலது கை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. இடது கையால் உருட்டினார். பகடையில் இரண்டு. ஐயா பகடையைப் பார்த்தார். பக்கத்தில் நல்ல பிள்ளையாக நிற்கிற கொழுந்தனை, ஏற இறங்க, டிக்கெட் இல்லாத பயணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவருக்கு என்ன தோன்றியதோ. தொங்கிய கை மெல்ல அசைந்தது. அலமாரியின் விளிம்பில் வந்து தட்டியது. மேலே ஏறியது. விரல்கள் ஊர்ந்துபோய்ச் சிவப்புக் காயின் பின்னால் நின்றன. ஒரு கட்டம் தள்ளின. இரண்டாவது கட்டம். நிறுத்தியிருக்க வேண்டும். நிற்கவில்லை. மூன்று, நாலு, ஐந்து... காய் நேராக வீட்டுக்குள் போய் உட்கார்ந்தது. கொழுந்தனின் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டே தள்ளினாராம்.

“அப்பா!” என்று கத்தினான் மகன். “ரெண்டுதான்ப்பா விழுந்துச்சு! நீங்க... நீங்களாப்பா ஏமாத்துறீங்க?”

ஐயா திரும்பினார். தாடை வேலை செய்தது. எல்லோரும் ‘டிக்கெட்’டுக்குக் காத்திருந்தார்கள்.

“இவன்” என்றார். கை கொழுந்தனைக் காட்டியது. “கத்து... குடுத்தான்.”

இந்த இடத்தில் சாட்சிகள் முரண்படுகிறார்கள். ‘இவன்’ மட்டும்தான் தெளிவாக வந்தது, மற்றது ஏதோ முனகல் என்கிறாள் கேள்விக்குறி. முழு வாக்கியமும் வந்தது, அதோடு ‘ராஸ்கல்’ என்றும் ஒரு சொல் சேர்ந்து வந்தது என்கிறான் கொழுந்தன். மகன் அந்த நேரத்தில் கண்ணில் தூசி விழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டதால் அவன் சாட்சி செல்லாது. நான் கொழுந்தன் கட்சி.

அப்புறம் ஐயா கைத்தடியை எடுத்தார். யாரும் கேட்கவில்லை. பாத்ரூமுக்கு நடந்தார். கொழுந்தன் பின்னால் போனான், படியில் கண்ணாடிப் பீரோவை இறக்குகிறவன் மாதிரி இரண்டு கைகளையும் அகல விரித்து, தொடாமல். கதவு சாத்திக்கொண்டது. மூவரும் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. ஐயா வெளியே வந்தார், வேட்டைக்குப் போய்த் திரும்பிய ராஜாவின் நடையோடு.

நேராக மகனிடம் வந்து நின்று இடது கையை நீட்டினார். “டிக்கெட்.”

மகனுக்குப் புரிந்தது. சட்டைப்பையிலிருந்து இருவருக்குமான ரயில் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தான். ஐயா அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தேதியைச் சரிபார்த்தார். வேலையில் இருந்தவரை எந்த டிக்கெட்டையும் ஓட்டை போட்டாரே தவிரக் கிழித்தவர் இல்லை. அன்றைக்குக் கிழித்தார். கிழிக்க இரண்டு கை வேண்டும். ஒரு முனையை வலது கையின் விரல்களுக்குள் செருகி, இடது கையால் இழுத்தார். இதில் மட்டும் மூன்று சாட்சியும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்.

“சரிப்பா” என்றான் மகன். “நீங்க இங்கேயே இருங்க.” பிறகு கொழுந்தனைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. “மன்னிச்சிடுங்க. நாளைக்கு வந்திடுவீங்கள்ல?”

“வரேன் சார். ஆனா பாத்ரூம் சுவத்துல பிடிச்சுக்கக் கம்பி வேணும். சோப்புப் பெட்டி ரொம்ப உயரத்துல இருக்கு. அப்புறம் அந்தக் கேமரா...”

“எடுத்துடறேன்.”

“வேண்டாம் வேண்டாம், இருக்கட்டும். சத்தத்தை மட்டும் திறந்து வைங்க.”

அப்பாவும் மகளும் வெளியே வந்தார்கள். பாதிப் படியில் அவள் நின்றுவிட்டாள்.

“ப்பா.”

“என்ன?”

“நீ தூக்குன்னு சொன்னா அந்தக் கை தூக்காது. அவரே தூக்கணும்னு நினைச்சாலும் தூக்காது. கோவம் வந்தா தூக்குது, குறும்பு வந்தா தூக்குது. அது எப்படிப்பா?”

“நல்ல கேள்வி.”

“கேள்வி நல்லா இருக்கட்டும். பதில்?”

“எனக்கு என்னம்மா தெரியும்? பிசியோ அம்மாவைக் கேளு.”

“கேட்டேன். கொஞ்சம் சொன்னாங்க. மூளைக்குள்ள ஒரு வழி அடைபட்டா வேற வழி தேடிக்குமாம். மிச்சம் புரியணும்னா படிச்சாத்தான் புரியும்னு சொல்லிட்டாங்க.”

“அப்போ படி. நான் தூக்குறவன். வெளியில எங்க பிடிக்கணும்னு தெரியும், உள்ள என்ன ஓடுதுன்னு தெரியாது. நீ போய்ப் பாத்துட்டு வந்து எனக்கும் சொல்லு.”

அன்று வீட்டில் வங்கிக் கவுண்டர், ஜன்னல், மின்விசிறி எல்லாம் இடிந்து விழுந்த சத்தம் எங்கள் தெருமுனைவரை கேட்டது. ஓரகத்தி கோபத்தில் தைத்த சட்டைக்கு மூன்று கை இருந்தது. பெண் ஒரு வருடம் உட்கார்ந்து படித்து நுழைவுத் தேர்வில் தேறியதும் சமாதானமாகி, டாக்டர் கோட்டையும் தானே தைத்துக் கொடுத்தாள், அதற்கு இரண்டுதான்.

பெண் இப்போது விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என் கதையைத் திருத்துகிறாள். “பெரியம்மா, லூடோவால மட்டும் அவருக்குச் சரியாகலை. மாத்திரை, பயிற்சி, நேரம், எல்லாம் சேர்ந்துதான். இன்னும் அந்தக் கையால பட்டன் போட முடியலை.” போடட்டும், போடாமல் போகட்டும். டிக்கெட் ஐயா இன்றும் ஓடாத கட்டிலில்தான் தூங்குகிறார்.

கொழுந்தன் மட்டும் அவள் வந்து இறங்கியதும் பெட்டியை வாங்கிக்கொண்டு முதல் கேள்வியாக அதைத்தான் கேட்கிறான். “பாத்துட்டியா? உள்ள என்ன ஓடுது?”

“இன்னும் அங்க வரலைப்பா. இப்போ எலும்புதான் நடக்குது. மூளைப் பாடம் வருஷக் கடைசியிலதான்.”

“சரி, சரி. மெதுவா வரட்டும்” என்கிறான். கேட்பதற்கென்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்க மனமில்லாமல், எலும்பைப் பற்றியாவது சொல்லு என்கிறான்.